தேடப்படுகிறார்

தமிழ்த் தாளுக்குத் தட்டச்சுப் பொறி வரவேயில்லை. மெயின்லேண்டிலிருந்து வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு கப்பலிலும் வேறு ஏதோ இறங்கியது. அதனால் திருநாவுக்கரசு ஸ்டென்சில் காகிதத்தில் எழுத்தாணியால் கையாலேயே எழுதினார். அவர் எழுதியது சைக்ளோஸ்டைல் உருளையில் சுற்றி, மையேறி, போர்ட்பிளேர் கடைகளுக்கும் சௌல்தாரி போன்ற ஊர்களுக்கும் தூரத்து மர முகாம்களுக்கும் போனது. வாரம் ஒரே தாள், இரண்டு பக்கம். அரிசிக் கப்பல் எப்போது வரும், மண்ணெண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும், அம்மை குத்த யார் எங்கே வருகிறார்கள், டில்லியில் என்ன நடந்தது. அரசுச் செய்தி அலுவலகத்தில் ஆங்கிலத்தில் தயாராவதை அவர் தமிழாக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மக்கள் அதை ஷீட் என்றார்கள். ‘ஷீட்டுல வந்துருச்சு’ என்று ஒருவன் சொல்லிவிட்டால் டீக்கடையில் அதற்குமேல் யாரும் வாதாடுவதில்லை.

அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. காரணம், அதில் ஆட்களே இல்லை. அரிசி வழங்கப்படும். சாலை மூடப்படும். விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன. யார் வழங்குகிறார், யார் மூடுகிறார், ஒன்றும் தெரியாது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கத் தெரியாத அவருக்கு அந்த வாக்கியங்கள் பூட்டிக்கொள்ள வசதியான அறைகளாக இருந்தன. டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருந்த அவருடைய குவார்ட்டர்ஸும் ஏறக்குறைய அப்படித்தான். மாலையில் போனால் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வார். பல நாள் பக்கம் திரும்பாது. தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றல் கேட்டு அவர் கொடுத்த மனுகூட அப்படியொரு வாக்கியத்துக்குள்தான் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தது. பரிசீலிக்கப்படுகிறது.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம், மழைக்கு முந்தைய புழுக்கத்தில், ஆங்கிலத் தாளில் ஒரு சின்ன வரி வந்தது. சௌல்தாரியைச் சேர்ந்த தங்கையா என்பவன் டுங்கியில் மீன் பிடிக்கப் போனவன் திரும்பவில்லை, பார்த்தவர்கள் சொல்ல வேண்டும் என்று. டுங்கி என்பது மரத்தைக் குடைந்து செய்த சிறு படகு. திருநாவுக்கரசு முதலில் ‘காணவில்லை’ என்று எழுதினார். எழுதிவிட்டு எழுத்தாணியைத் தூக்கிப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போனவனைக் காணவில்லை என்றால் அதோடு முடிந்துபோன மாதிரி இருந்தது. அவனுக்காகப் படகுகள் போயிருக்கின்றன என்பது தெரிய வேண்டாமா? வார்த்தைமேல் மெழுகு மையைத் தடவி, காயவிட்டு, அதன்மேல் எழுதினார்:

‘சௌல்தாரி தங்கையா தேடப்படுகிறார். பார்த்தவர்கள் போலீஸ் சௌக்கியில் தெரிவிக்கவும்.’

நல்ல மனசோடு எழுதியதுதான்.

சில நாள் கழித்து உதயசூரியன் அலுவலகத்துக்கு வந்தார். ரட்லண்ட் தீவிலிருந்த மர முகாமுக்கு வாரம் ஒருமுறை மோட்டார் லாஞ்ச் ஓட்டுகிறவர், தூத்துக்குடிக்காரர். ஷீட் கட்டுகளையும் அவர்தான் கொண்டுபோவார். வந்தவர் உட்காரவில்லை.

“என்ன சாமி, பெரிய வேட்டைக்காரரா இருக்கீரே. இங்கன உக்காந்தமேனிக்கே ஒரு ஆளக் காட்டுக்குள்ள தொரத்திட்டீரே.”

“யாரை?”

“உம்ம தங்கையாவத்தான்.”

தங்கையா சாகவில்லை. நீரோட்டம் டுங்கியை இழுத்துப் போய் ரட்லண்ட் பாறையில் மோதவிட்டிருக்கிறது. முகாம்காரர்கள் தூக்கி வந்து கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். லாஞ்ச் வந்ததும் ஏறி ஊர் வந்து சேர வேண்டியதுதான். லாஞ்ச் வந்தது. ஷீட்டும் வந்தது.

“அவனே கையில வாங்குனான். வெரல வச்சு எழுத்துக் கூட்டுறான். தே… ட… தேடப்… அப்டின்னு. போலீஸ் சௌக்கிங்கறத மட்டும் ஒரே மூச்சுல படிச்சுட்டான். மூஞ்சி செத்துப்போச்சு. ‘அண்ணே, ஒதுங்கிட்டு வாரேன்’னான். ஒதுங்குனவன்தான்.”

“கூப்பிட்டுப் பார்த்தீங்களா?”

“ரெண்டு நாளு லாஞ்ச நிறுத்தித் தொண்ட கிழியக் கூப்ட்டோம். கூப்டக் கூப்ட உள்ளுக்குப் போறான். சமையக்காரன் சோத்த மூடி வச்சா, ஆளில்லாத நேரமா வந்து தின்னுட்டுப் போறான். அது ஒண்ணுதான் உசிரோட இருக்கான்ங்கறதுக்குச் சாட்சி. அரே, ஆளு ஃபரார் ஆயிட்டான் சாமி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இந்தத் தீவில் அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. கைதிகள் காலத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியவனுக்குத்தான் ஃபரார் என்று பெயர். தங்கையாவின் தாத்தா அப்படி ஓடியவர்களில் ஒருவர். சௌல்தாரியில் அது எல்லோருக்கும் தெரியும்.

“அடுத்த லாஞ்ச் போகும்” என்றார் உதயசூரியன், இப்போது சிரிக்காமல். “அதுக்கடுத்தது சந்தேகம். கடல் கெளம்பிருச்சு. மழைக்கு முகாம மூடிருவாக. சமையக்காரனும் ஏறிருவான். அப்புறம் அவனுக்குச் சோறேது, நெருப்பேது? ஏதாச்சும் எழுதும் சாமி. நீர் எழுதித்தானே போனான்.”

அவர் போனதும் திருநாவுக்கரசு எழுந்து அதிகாரி கிருஷ்ணமூர்த்தியின் அறைக்குப் போனார்.

கிருஷ்ணமூர்த்தி தெலுங்குக்காரர். மதராஸில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் ஸ்டென்சிலின் ஓரத்தில் கையெழுத்துப் போடும்போது, “நீ எழுதினா நான் படிச்ச மாதிரி” என்பார். திருநாவுக்கரசு நடந்ததைச் சொன்னார். கேட்க ஆளில்லாமல் பழகிய குரல் நடுவில் இரண்டு முறை நின்றது.

“இங்கிலீஷ்ல என்ன போட்டோம்? மிஸ்ஸிங். தப்பில்லையே?”

“இல்லை சார்.”

“தமிழ்ல நீ போட்டதுக்கு என்ன அர்த்தம்?”

“காணாமப் போனவரைத் தேடுறாங்கன்னும் அர்த்தம் சார். குத்தவாளியைப் பிடிக்கத் தேடுறாங்கன்னும் அர்த்தம்.”

“ஒரே வார்த்தைல ரெண்டுமா? உங்க பாஷை ரொம்பச் சிக்கனமான பாஷைய்யா.” சிரித்தார். திருநாவுக்கரசு சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். “சரி, இப்ப என்ன செய்யணும்ங்கறே?”

“ஒரு திருத்தம் போடணும் சார்.”

கிருஷ்ணமூர்த்தி பேனாவை மூடி வைத்தார். “போன வருஷம் அரிசிக் கப்பல் வராதுன்னு ஒரு புரளி கெளம்பிச்சே, ஞாபகம் இருக்கா? கடைக் கதவையே பேத்தானுங்க. எப்ப அடங்கினானுங்க? கப்பல் வருதுன்னு ஷீட்ல போட்டப்புறம். கப்பலைப் பார்த்து இல்லே, ஷீட்டைப் பார்த்து. ஏன்னா ஷீட் தப்பாப் போடாது. இந்த வாரம் திருத்தம்னு ஒண்ணு போடு, அடுத்த வாரம் அரிசி வருதுன்னு போட்டா இதுக்கும் திருத்தம் வருமான்னு கேப்பான். ஒருத்தனுக்காக ஊரைப் பட்டினிப் பயத்துல விடச் சொல்றியா?”

அதில் பொய்யே இல்லை.

“பசிச்சா தானா வெளிய வருவான்” என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தணித்து, “உன் டிரான்ஸ்ஃபர் ஃபைல் என் டேபிளுக்கு வந்திருக்கு. நல்லா எழுதி அனுப்பறேன். இந்த நேரத்துல உனக்கு எதுக்குய்யா இதெல்லாம்?” என்றார்.

மிரட்டல் இல்லை, அக்கறைதான். மிரட்டியிருந்தால் ஒருவேளை எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அலுவலகப் படியில் ஒரு பெண் நின்றாள். தங்கையாவின் மனைவி மீனாம்பாள். இராமநாதபுரத்தில் பிறந்து, சாலை வேலைக்கு வந்த அண்ணனோடு இங்கே வந்து, தீவுக்காரனைக் கட்டிக்கொண்டவள். அவளோடு வெற்றிலையை மென்றபடி கோவிந்தராஜ், பக்கத்து வயல்காரர், டுங்கியின் சொந்தக்காரர். உதயசூரியன் அவர்களிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

திருநாவுக்கரசு அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள்தான் பேசினாள்.

“நீங்கதேன் எழுதுறவுகளா?”

“ஆமா.”

“அவுகளுக்குத் தமிழ் எழுத்து உங்க ஷீட்ட வச்சுத்தேன் சொல்லிக் குடுத்தேன். இந்திப் பள்ளிக்கூடத்துல படிச்சவுக. உங்களாட்டமே ழகரத்துக்கு வால இழுத்துப் போடுவாக.” அதைக் குற்றமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

“நீங்களே லாஞ்ச்ல போய்க் கூப்பிட்டா?”

“வர மாட்டாக. அவுக தாத்தா காட்டுல கெடந்தப்ப, அவரு சிநேகிதனையே கூட்டியாந்து கூப்பிட வச்சாகளாம். வந்தாராம். அன்னைக்கு வாங்குன அடியில அப்புறம் நிமிந்து நடக்கவே இல்ல. அந்த வீட்டுல பச்சப் புள்ளைக்கும் சொல்லி வளப்பாக, கொரல நம்பாதன்னு.”

“எழுத்தை நம்புவாரா?”

“எழுத்த நம்பித்தேனே ஓடியிருக்காக.”

கோவிந்தராஜ் வெளியே எட்டித் துப்பிவிட்டு வந்தார்.

“டுங்கி கேஸுன்னு நெனச்சிருப்பான் சார். நான் தூங்கிட்டிருந்தேன், எழுப்பாம எடுத்துட்டுப் போயிட்டான். எடுத்தான்னு எனக்குக் கோவமே இல்லே. எப்பவும் எடுப்பான், வந்து ரெண்டு மீன் குடுப்பான். இந்தத் தடவ மீன் குடுக்கலியே, அதுக்குத்தான் கோவம்.”

“மாமா, சும்மா இருங்க” என்றாள் மீனாம்பாள். சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போனது.

திருநாவுக்கரசு மேஜைக்கு வந்து ஒரு பழைய தாளின் பின்புறத்தில் எழுதினார். அதிகாரி அனுமதிக்க மாட்டார் என்று தெரிந்தும் எழுதினார். எழுதியதை அவளிடம் வாசித்தார். ‘தங்கையா தேடப்படவில்லை.’

“ஏங்க, எங்கனயாச்சும் ஒரு ஆளத் தேடலன்னு பேப்பர்ல போடுவாகளா? உங்களையும் தேடல, என்னையும் தேடல. போட்டாகளா? போட்டா அதுதேன் வலை.”

‘தங்கையா கைது செய்யப்பட மாட்டார்.’

“கைதுங்கறதப் பாத்ததுமே அடுத்த தீவுக்கு நீந்திருவாக.”

‘தங்கையா மன்னிக்கப்பட்டார்.’

“எதுக்கு?”

எதுக்கு என்று அவருக்கும் தெரியவில்லை. இன்னும் சில வரிகள் எழுதி, வாசிக்காமலே அடித்தார். எந்தப் பக்கம் போனாலும் அவன் அதற்குள் அகப்பட்டுக்கொள்கிற மாதிரியே அமைந்தது. இத்தனை வருஷமாகத் தான் நிம்மதியாக உட்கார்ந்திருந்த அறைகளுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

அபெர்தீன் பஜார் பக்கமிருந்து ஒரு ஜீப் மேடேறி வந்து, கடந்து, சத்தம் ஓய்ந்தது.

“பால் கறக்க ஆளில்ல” என்று எழுந்தாள் மீனாம்பாள். “மாடு கன்னு போட்டிருக்கு. கெடாரிக் கன்னு. அவுக இதுக்குத்தேன் ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டு இருந்தாக. பொறக்குறப்ப இல்லாமப் போயிட்டாக. நீங்க எழுதுங்க, நான் போறேன்.”

அவர்கள் போன பிறகு அடித்து வைத்த வரிகளை அவர் மறுபடி பார்த்தார். தேடப்படுகிறார். தேடப்படவில்லை. செய்யப்பட மாட்டார். எல்லாவற்றிலும் தங்கையா ஒருத்தன்தான் இருந்தான், தன்னந்தனியாக. எதிரே யாருமில்லை. எதிரே யார் என்று தெரியாவிட்டால் ஓடாமல் என்ன செய்வான்? எதிரே நிற்பது போலீஸ் இல்லை, இப்போது மேடிறங்கிப் போகிறாளே, அவள். அதை எழுதலாம். எழுதினால் அது செய்தியா? அந்தத் தாளில் இதுவரை ‘கூறினார்’ என்ற சொல் பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. கோவிந்தராஜ் என்றொருவர் ஒன்றைக் கூறியதாக அது எப்போதும் சொன்னதில்லை. மாடு என்றால் கால்நடை மருத்துவமனை திறக்கப்படும்போது வரும், அதுவும் பன்மையில்.

லாஞ்ச் கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்டென்சிலை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனார். இரண்டாம் பக்கத்தின் அடியில் வழக்கம்போலக் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. கிருஷ்ணமூர்த்தி கேட்டார், “அந்த ஆளு வெளிய வந்தானா?”

“இல்லை சார்.”

“வருவான், வருவான்.” கையெழுத்துப் போட்டார். “உன் ஃபைலை நாளைக்கு அனுப்பிடறேன்.”

திருநாவுக்கரசு தன் மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. யாரும் பார்க்கக்கூட இல்லை. இத்தனை வருஷமும் இப்படித்தான் யாரும் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள், தான் என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். எழுத்தாணியை எடுத்து அந்தக் காலியிடத்தில் எழுதினார்.

‘சௌல்தாரிச் செய்தி. மீனாம்பாள் வீட்டு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. டுங்கியை எடுத்துப் போனதில் தனக்குக் கோபமில்லை, மீன் தராததில்தான் கோபம் என்று கோவிந்தராஜ் கூறினார். தங்கையாவை மீனாம்பாள் தேடுகிறார்.’

கை அழுத்தி, மீனாம்பாள் என்ற இடத்தில் ஸ்டென்சில் கொஞ்சம் கிழிந்தது. அச்சில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் மை கசிந்து ஒரு பொட்டு விழுந்திருந்தது, எல்லாத் தாளிலும்.

லாஞ்ச் போயிற்று. அன்று இரவே காற்று மாறியது. அதற்கப்புறம் வந்த நாட்களில் அவர் அலுவலகத்துக்குப் போனார், எழுதினார், வீட்டுக்கு வந்தார். மழை அறிகுறி தெரிவதாக அறிவிக்கப்பட்டது. அலைகள் உயரும் என எதிர்பார்க்கப்பட்டது. சாப்பிட உட்கார்ந்தால், மூடி வைத்த ஒரு தட்டும் அதைத் திறக்கிற கையும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

உதயசூரியன் நனைந்த சட்டையோடு உள்ளே வந்தார். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“முகாம மூடியாச்சு. ஆளுக எல்லாம் ஏறியாச்சு. சமையக்காரனும் சட்டிபானையோட ஏறிட்டான். கயித்த அவுக்கப் போறேன், ஒருத்தன் கரையில உக்காந்திருக்கான். தாடியும் மண்ணுமா. கையில ஷீட்டு. அடுப்படித் தூண்ல ஒட்டுனத உரிச்சுட்டு வந்திருக்கான். ‘ஏறுடா’ன்னேன். ஏறல. ‘கன்னு கெடாரியா, காளையா?’ங்கறான். அட பாகல் பயலே, ஷீட்டுலதான் கெடாரின்னு போட்டிருக்கேன்னேன். ‘படிச்சேன். நெசமான்னு கேட்டேன்’ங்கறான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல? நான் மாட்டக் கண்டேனா? நெசந்தான்டா, திருநாவுக்கரசு சாமி எழுதிருக்காருன்னேன். ஏறிட்டான்.”

திருநாவுக்கரசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதயசூரியன் எழுந்து கிளம்பினார்.

கதை அதோடு நின்றிருக்கலாம். மறுநாள் காலை அலுவலகப் படியில் பத்துபஸ்தியிலிருந்து பொன்னம்மா என்ற கிழவி வந்து நின்றாள். “மாடு கன்னு போட்டதப் போட்டியாமே. எங்க தெருக் கொழாயில தண்ணி வந்து எத்தினி நாளாச்சு தெரியுமா? அதையும் போடு. பொன்னம்மா கூறினார்னு போடு.” அவளுக்குப் பின்னால் ஒரு மலையாளி, மகனுக்கு வரன் தேடுகிறவர். அவருக்குப் பின்னால் ஒரு மேஸ்திரி, சரிந்து விழுந்த சாரத்தைப் பற்றிச் சொல்ல வந்தவர். அடுத்த நாள் இன்னும் அதிகம். எல்லோரும் ஒரு வாக்கியத்தோடு வந்தார்கள், அதில் தங்கள் பெயரை வைத்து. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. எழுத முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

“வாசல்ல என்னய்யா கூட்டம்?” என்று கிருஷ்ணமூர்த்தி வெளியே வந்தார். பொன்னம்மாவே அவருக்கு விளக்கினாள். அவர் உள்ளே போய் பக்தவத்சலம் என்ற குமாஸ்தாவைக் கூப்பிட்டு, அந்த வாரத் தாளை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு திருநாவுக்கரசைக் கூப்பிட்டார். மேஜையில் அந்த ஃபைல் இருந்தது. அது இன்னும் போகவில்லை.

“நல்ல காரியம்தான் பண்ணியிருக்கே” என்றார். “ஆனா என் கையெழுத்துக்குக் கீழ பண்ணிட்டே.”

“ஆமா சார்.”

“ஆமாங்கறியே.”

அதற்குமேல் திட்டவில்லை. அன்றிலிருந்து ஸ்டென்சிலை பக்தவத்சலம் வரி வரியாக வாசித்து அர்த்தம் சொன்ன பிறகே கையெழுத்து விழுந்தது. காலியிடம் இருந்தால் அதில் குறுக்குக் கோடு போடப்பட்டது. ஃபைல் மேஜையிலிருந்து அலமாரிக்குப் போயிற்று.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் தங்கையா வந்தான். ஒல்லியான, கூச்சப்படுகிற ஆள். காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. மீனாம்பாள் தூக்கில் பால் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். அவன் படி ஏறாமல் கீழேயே நின்றான்.

“சார், கெடைச்சாச்சுன்னு போடலியா?”

“போடணும்” என்றார் திருநாவுக்கரசு.

“சௌக்கில போய்ச் சொன்னேன் சார். ‘ஷீட்டுல இன்னும் தேடறாங்களே, நீ எப்பிடி வந்தே? மாலும் நஹி, எங்களுக்குத் தெரியாது, ஷீட்டுல வரட்டும்’ங்கறாங்க. கடைத்தெருவுல பசங்க ‘ஃபரார், ஃபரார்’னு கத்தறானுங்க. நீங்க ஒரு வரி போட்டாப் போதும்.”

“அவுக வெளிய தலைகாட்டவே யோசிக்கிறாக” என்றாள் மீனாம்பாள். “வீட்டுக்குள்ளயே கெடக்காக. அதுக்குக் காடே தேவலாம் போல.”

அன்று அவர் எழுதினார். ‘சௌல்தாரி தங்கையா வீடு திரும்பினார்.’ பக்தவத்சலம் வாசித்தார், அர்த்தம் சொன்னார். கிருஷ்ணமூர்த்தி யோசித்துவிட்டு, “இது திருத்தம் மாதிரி இருக்கே” என்று அடித்தார். மறு வாரம் வேறு மாதிரி எழுதினார். அதுவும் அடிபட்டது. பிறகும் எழுதினார். அடிபடும் என்று தெரிந்தே, ஒவ்வொரு வாரமும், இரண்டாம் பக்கத்தின் அடியில் எழுதினார். அது ஒன்றைத்தான் அவரால் செய்ய முடிந்தது.

பால் தூக்கு கழுவித் திருப்பிக் கொடுக்கப்படாமல் அவர் அலமாரியில் இருந்தது. வாசலில் ஆட்கள் வருவது குறைந்து, பொன்னம்மா மட்டும் வந்துகொண்டிருந்தாள். சௌல்தாரி டீக்கடைச் சுவரில் அந்தப் பழைய தாள் மழைச் சாரலில் ஊறி ஓரம் சுருண்டும் யாரும் அதைக் கிழிக்கவில்லை. புதுத் தாள்களைப் பக்கத்தில்தான் ஒட்டினார்கள்; தங்கையாவைப் பற்றி அவற்றில் வேறெதுவும் வரவில்லை. வீட்டுக்குள்ளே புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம், மைப் பொட்டுக்குப் பக்கத்திலிருந்த தன் பெயரை மீனாம்பாள் பார்ப்பாள். ஷீட்டின்படி அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.